புதுப்பிப்பு: மினி டிராக்டர் கிளட்ச் வழுக்கல் சரியாகிவிட்டது

ரொட்டவேட்டரை (மண்ணைக் கிளறும் கருவி) இறக்கினால் இன்ஜின் சத்தம் மட்டும் ஏறுகிறது, வண்டி நகரவில்லை என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் கிளட்ச் பெடல் ஃப்ரீ பிளேயை (கிளட்ச் விடுபடத் தொடங்கும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரம்) மேனுவல்படி வைத்துப் பார்த்தேன். பலனில்லை. "பிரித்துப் பாருங்கள், கிளட்ச்சில் ஆயில் இறங்கியிருக்கும்" என்றாரே ஒருவர், அதுதான் சரி.

முன் ஆக்சிலின் இருபுறமும் மரக்கட்டை அடித்து இறுக்கிவிட்டுத்தான் வண்டியை இன்ஜின், கியர்பாக்ஸ் என்று இரண்டாகப் பிரித்தேன். ஆக்சில் நடுவில் ஊசலாடுவதால், இதைச் செய்யாவிட்டால் இன்ஜின் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். கிளட்ச் பிளேட் ரிவிட் தெரியுமளவுக்குத் தேய்ந்திருந்தது. மேலே பிசுபிசுவென்று எண்ணெய். மோந்து பார்த்தால் கியர் ஆயில் வாடை. இன்ஜின் பக்க சீலில் (எண்ணெய் ஒழுகாமல் தடுக்கும் வளையம்) ஈரமே இல்லை; ஆக, ஒழுகியது கியர்பாக்ஸ் பக்கம்.

எதிர்பாராதது இதுதான்: கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்டில் (இன்ஜின் சுழற்சியை கியர்பாக்ஸுக்குள் கொண்டுபோகும் தண்டு) சீல் உட்காரும் இடத்தில் நகம் மாட்டுமளவு பள்ளம். புது சீலையும் அதே இடத்தில் போட்டால் மறுபடி ஒழுகும். அதனால் 2 மி.மீ. உள்ளே தள்ளி அடித்தேன். உள்ளே அதற்கு இடம் இருந்தது என் அதிர்ஷ்டம்.

பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங் நான்கும் புதிது. இரண்டு பாதியையும் திரும்பச் சேர்க்கும்போது கடைசி இரண்டு விரல் இடைவெளி மூடவே இல்லை. போல்ட்டை முறுக்கி இழுக்காதீர்கள், கிளட்ச் பிளேட்டின் நடுவிலுள்ள ஹப் வளைந்துவிடும். ஃப்ளைவீலை (இன்ஜின் பின்னாலுள்ள கனமான சக்கரம்) மெல்லத் திருப்பினேன், ஷாஃப்ட் பற்களும் பிளேட் பற்களும் பொருந்தி 'டக்'கென்று உட்கார்ந்தது.

இதுவரை 12 மணி நேரம் உழுதாயிற்று, வழுக்கல் இல்லை.