மூன்று தலையணை வைத்தும் தூங்க முடியாத இரவுகள்

எனக்கு இது இரண்டாவது பிரசவம், சிசேரியன். 11ஆம் நாளிலிருந்து மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டியது. முதலில் ஒரு தலையணை கூடுதலாக வைத்தேன், அப்புறம் இரண்டு. கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்தபடியேதான் கண்ணயர்ந்தேன். "பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்றார் அம்மா. நானும் நம்பினேன். முதல் பிரசவத்தின்போதும் எனக்குக் கால் வீங்கியது, அசதி இருந்தது. ஆனால் அப்போது படுத்தால் தூக்கம் வந்தது. அந்த ஒரு வித்தியாசத்தை நான் யோசிக்கவே இல்லை.

வறட்டு இருமலுக்காக மருத்துவரிடம் போனேன். சளி என்று மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மூன்று நாள் கழித்து, நள்ளிரவில் தண்ணீருக்குள் மூழ்கியதுபோல எழுந்து உட்கார்ந்தேன். அவசரப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர் என் கணுக்காலுக்கு மேலே விரலால் அழுத்திப் பார்த்தார். பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. "எத்தனை தலையணை வைத்துத் தூங்குகிறீர்கள்?" என்று கேட்டார். அதுவரை என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது.

எக்கோவில், அதாவது இதய ஸ்கேனில், இ.எஃப். 25. இதயம் ஒருமுறை சுருங்கும்போது இடது கீழறையில் உள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்பதுதான் அந்த எண். 55க்கு மேல் இருந்தால் நல்லது. பெரிபார்ட்டம் கார்டியோமயோபதி என்றார்கள். கர்ப்பத்தின் கடைசியிலோ பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களிலோ, வேறு காரணம் எதுவும் இல்லாமல் இதயத் தசை பலவீனமாகிவிடும் நோய். 'இதயச் செயலிழப்பு' என்று சீட்டில் படித்ததும் இதயம் நின்றுவிடப் போகிறது என்றே நினைத்து அழுதேன். நிற்பதில்லை, ரத்தத்தைத் தள்ளும் பலம்தான் குறைகிறது என்று அந்த மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். நீர் பிரிய ஊசி போட்ட அன்று இரவு, பல நாள் கழித்து, படுத்துத் தூங்கினேன்.

இதே அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

கணவர் ஒருவர்
என் மனைவிக்கு இரட்டைக் குழந்தை, கடைசி மாதத்தில் ரத்த அழுத்தமும் ஏறியிருந்தது. இரண்டுமே இந்த நோய்க்கான வாய்ப்பைக் கூட்டும் என்று பிறகுதான் தெரிந்தது. அவளுக்கு ப்ரோமோகிரிப்டின் கொடுத்தார்கள். பால் சுரக்கச் செய்யும் ப்ரோலாக்டினை அடக்கும் மருந்து. அந்த ஹார்மோன் உடைந்து வரும் ஒரு துண்டு இதயத்தின் சிறு ரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது என்ற கருத்தில் கொடுக்கிறார்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஊசியும் சேர்ந்தே போட்டார்கள். பால் நின்றுபோனது. உயிர் பிழைத்ததைவிட அதைப் பற்றித்தான் அவள் அதிகம் அழுதாள். வீட்டில் இருப்பவர்கள் தயவுசெய்து அந்த அழுகையைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள்.

இழையைத் தொடங்கியவர்
அண்ணா, படிக்கும்போதே மனது கனத்துவிட்டது. எனக்கு அந்த மருந்து தரவில்லை. இதயத்தின் சுமையைக் குறைக்கும் எனலாப்ரில், மெட்டோப்ரோலால் மாத்திரைகளைக் கொடுத்தார்கள், பால் கொடுக்கலாம் என்றும் சொன்னார்கள். எனலாப்ரில் வகை மாத்திரையை வயிற்றில் குழந்தை இருக்கும்போது கொடுக்கவே மாட்டார்களாம். ஆளுக்கு ஆள் மருத்துவம் மாறும், அதனால் யாரும் என் மாத்திரையைப் பார்த்துத் தங்களுடையதை மாற்ற வேண்டாம்.

செவிலியர் ஒருவர்
20 வருடமாகப் பிரசவ வார்டில் இருக்கிறேன். கர்ப்பத்தில் உடம்பில் ரத்தத்தின் அளவே பாதிக்குப் பாதி கூடிவிடும். அதனால் கால் வீக்கம், லேசான மூச்சு வாங்கல் எல்லாம் சாதாரணமாகவும் வரும். இந்த நோய் அதற்குள்தான் ஒளிந்துகொள்கிறது. படுத்தால் மூச்சு முட்டுவது, தூக்கத்தில் திணறி எழுவது, நெஞ்சு படபடப்பு, பிரசவம் ஆன பிறகும் கூடிக்கொண்டே போகும் வீக்கம், இவற்றைச் சாதாரணம் என்று விடக் கூடாது. எந்த மருத்துவரிடம் போனாலும் முதல் வாக்கியமே "எனக்குப் பிரசவமாகி இத்தனை வாரம்" என்பதாக இருக்கட்டும். இதயம் திணறுகிறதா என்று காட்டும் பி.என்.பி. ரத்தப் பரிசோதனையும் எக்கோவும் வேண்டுமா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

இன்னொரு உறுப்பினர்
அக்கா, எனக்கு ஒரே குழந்தை. ஒரு வருடமாகியும் இ.எஃப். 45லேயே நிற்கிறது. அடுத்த குழந்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். உங்களுக்கு எப்படி?

இழையைத் தொடங்கியவர்
மூன்றாம் மாதம் 38, பத்தாம் மாதம் 52. பெரும்பாலானோருக்கு இதயம் தேறிவிடுகிறது என்றார்கள். ஆனால் முழுதும் தேறியவர்களுக்கும் அடுத்த கர்ப்பத்தில் திரும்ப வரலாம். தேறாத இதயத்துக்கு ஆபத்து இன்னும் அதிகம். நான் காப்பர் டி போட்டுக்கொண்டேன். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை எனக்கு வேண்டாம் என்றார்கள். உங்கள் மருத்துவர் சொன்னது உங்கள் உயிருக்காகத்தான் தங்கச்சி. அந்த ஏக்கத்தை என்னிடம் எழுதுங்கள், எத்தனை முறை வேண்டுமானாலும்.

புதிய உறுப்பினர்
பிரசவமாகி 9 நாள். நேற்றிலிருந்து படுத்தால் இருமல், உட்கார்ந்தால் சரியாகிறது. திங்கட்கிழமை எப்படியும் செக்கப் இருக்கிறது, அதுவரை பொறுக்கலாமா?

இழையைத் தொடங்கியவர்
பொறுக்காதீர்கள். குழந்தையை வீட்டில் யாரிடமாவது கொடுத்துவிட்டு இப்போதே அவசரப் பிரிவுக்குப் போங்கள். 9 நாள் என்று சொல்லுங்கள், படுத்தால்தான் வருகிறது என்று சொல்லுங்கள். போய்ச் சேர்ந்ததும் இங்கே ஒரு வரி எழுதுங்கள், நான் விழித்துத்தான் இருப்பேன்.