எஸ்எம்பிஎஸ் விசிறி கரகரக்கிறது: எண்ணெய் விடுவதா, தூக்கிப் போடுவதா?

மைக்கூடு | டிசம்பர் 27, காலை 6.10

பொள்ளாச்சியில் வீட்டின் முன்னறையிலேயே சிறிய டிடிபி கடை வைத்திருக்கிறேன். தை முகூர்த்தங்களுக்கான பத்திரிகை வேலை முழுவதும் மார்கழியில்தான் வந்து விழும். அதனால் விடியற்காலை ஐந்து மணிக்கே கணினியைப் போட்டுவிடுவேன். பத்து நாளாக அது எழும்போதே தேங்காய் துருவுவதுபோல ஒரு கரகரப்பு. கால் மணி நேரத்தில் தானாக அடங்கிவிடுகிறது. மதியம் சத்தமே இல்லை. மறுநாள் காலை மறுபடியும் துருவல்.

செய்தித்தாளைக் குழலாகச் சுருட்டிக் காதில் வைத்துக் கேட்டுப் பார்த்தேன். பிராசஸர் விசிறி அல்ல. பின்பக்கம் மேலே இருக்கும், கணினிக்கு வேண்டிய மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியிலிருந்துதான் வருகிறது. 450 வாட், ஏழு வயது, வாரண்டி என்றோ முடிந்துவிட்டது. கம்ப்யூட்டர் கடைத் தம்பி, "புதியது போட்டுவிடலாம், 2,800 ரூபாய் ஆகும்" என்கிறார். பக்கத்து மோட்டார் ரீவைண்டிங் கடைக்காரர், "இரண்டு சொட்டு எண்ணெய் போதும், ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

ஈயப்பற்று | டிசம்பர் 27, காலை 6.55

ரீவைண்டிங் கடைக்காரருக்கு டீ வாங்கிக் கொடுங்கள்.

குளிரில் கத்துகிறது, சூடேறினால் அடங்குகிறது என்று நோயை நீங்களே சொல்லிவிட்டீர்கள். மலிவான எஸ்எம்பிஎஸ்களில் இருப்பது பெரும்பாலும் ஸ்லீவ் பேரிங். நுண்துளைகள் நிறைந்த ஒரு சிறு வெண்கலக் குழாய். அதில் எண்ணெய் ஊறியிருக்கும். நடுவே எஃகுத் தண்டு சுற்றும். ஏழு வருடம் சூட்டில் கிடந்தால் எண்ணெய் வற்றி, மிச்சம் தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். காலைக் குளிரில் அந்தப் பிசின் இறுகித் தண்டு உரசுகிறது. பெட்டி சூடானதும் இளகிவிடுகிறது. அவ்வளவுதான்.

மூடியின் நான்கு திருகுகளைக் கழற்றினால் விசிறி மூடியோடு சேர்ந்து வரும். விசிறியைப் பிரித்துத் திருப்பினால் நடுவில் வட்ட ஸ்டிக்கர். அதை நகத்தால் நெம்பி உரித்தால் பல விசிறிகளில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். அதற்குள் தண்டின் முனை தெரியும். தையல் மெஷின் எண்ணெய் இரண்டே சொட்டு விட்டு விரலால் நூறு சுற்றுச் சுற்றுங்கள். மூன்றாவது சொட்டு வேண்டாம். அது வெளியே தெறித்துத் தூசியைக் கூட்டிக்கொண்டு திரும்பி வரும். எண்ணெய் பட்ட ஸ்டிக்கர் மறுபடி ஒட்டாது. சுத்தமாகத் துடைத்துவிட்டு டேப் ஒட்டுங்கள்.

ஓம்விதி | டிசம்பர் 27, காலை 7.30

ஈயப்பற்று ஐயா, கேட்டவர் பத்திரிகை அச்சடிப்பவர், டிவி மெக்கானிக் அல்ல. நீங்கள் பிளக்கைப் பிடுங்கச் சொல்லக்கூட மறந்து நேராகத் திருகுக்குப் போய்விட்டீர்கள்.

அந்தப் பெட்டிக்குள் வரும் 230 வோல்ட், நேர்மின்சாரமாக (டிசி) மாறும்போது 325 வோல்ட் ஆகிறது. 230-ஐ 1.414 ஆல் பெருக்கிப் பாருங்கள். பவர் ஃபேக்டர் திருத்தும் சுற்று உள்ள வகையென்றால் 380, 400 வரை போகும். கட்டைவிரலைவிடத் தடிமனான கெபாசிட்டர் ஒன்று இதைச் சேமித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும்தான். 2,800 ரூபாயை மிச்சம் பிடிக்க ஒருவரை அதற்குள் விரலை விடச் சொல்கிறீர்கள்.

என் யோசனை: மாற்றிவிடுங்கள் மைக்கூடு.

ஈயப்பற்று | டிசம்பர் 27, காலை 8.05

பிளக்கைச் சொல்லாதது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். பெட்டியைத் திறப்பவன் பிளக்கைப் பிடுங்காமலா திறப்பான் என்ற நினைப்பு.

மற்றபடி தம்பி, 25,000 வோல்ட் பிக்சர் டியூப்களோடு முப்பது வருடம் குடித்தனம் நடத்தியவன் நான். பயம் வேண்டும், பூச்சாண்டி வேண்டாம். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எஸ்எம்பிஎஸ்ஸின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு முன்பக்கப் பொத்தானை அழுத்தினால், மதர்போர்டு விளக்கு ஒருமுறை மினுங்கி அணையும். பெரிய கெபாசிட்டரில் இருந்ததை மதர்போர்டு குடித்துவிட்டது என்று பொருள். ஆளை அடிப்பது பெரும்பாலும் செத்துப்போன எஸ்எம்பிஎஸ். அதில் சார்ஜ் சீக்கிரம் வடியாமல் நிற்கலாம். சந்தேகம் இருந்தால் 60 வாட் குண்டு பல்பை ஹோல்டரோடு எடுத்து, அதன் இரண்டு வயரையும் கெபாசிட்டரின் இரண்டு கால்களில் வையுங்கள், மிச்ச சார்ஜ் பல்பு வழியாக வடிந்துவிடும். ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்துத் தீப்பொறி காட்டும் வீரர்கள் உண்டு. அவர்களைப் பின்பற்றாதீர்கள்.

ஓம்விதி | டிசம்பர் 27, காலை 8.40

விளக்கு அணைந்தால் கெபாசிட்டர் காலி என்று அர்த்தமில்லை ஐயா. உள்ளே வோல்ட்டேஜ் ஓரளவு இறங்கியதுமே, அந்த விளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் ஸ்டேண்ட்பை சுற்று நின்றுவிடும். அதற்குப் பிறகும் பல பத்து வோல்ட் மிச்சமிருக்கலாம். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். மல்டிமீட்டரும் குண்டு பல்பும் கையில் வைத்திருப்பவர் இந்தக் கேள்வியையே கேட்டிருக்க மாட்டார்.

கோத்தகிரிக்குளிர் | டிசம்பர் 27, காலை 9.15

ஐயா தையல் மெஷின் எண்ணெய் என்று பெயர் சொல்லி எழுதினார். எனக்கு யாரும் அப்படிச் சொல்லவில்லை. "எண்ணெய் விடு" என்றார்கள், தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெயை விட்டேன். அன்று மாலை முழுவதும் அப்படி ஒரு நிசப்தம். மறுநாள் காலையிலும் நிசப்தம்தான். அலமாரியில் எண்ணெய்ப் பாட்டில் வெள்ளை வெளேரென்று உறைந்து நின்றதைப் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை. 24 டிகிரிக்குக் கீழே அது உறையும் என்பது எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். இருபது நிமிடத்தில் கருகல் வாடை வந்தது, கணினி அணைந்தது. உள்ளே விசிறி இறுகி நின்றிருந்தது.

நூற்றிருபது | டிசம்பர் 27, காலை 10.20

எண்ணெயா எஸ்எம்பிஎஸ்ஸா என்று இருவரும் மல்லுக்கட்டுகிறீர்கள். நடுவில் விசிறி என்று ஒரு பொருள் இருக்கிறது. விசிறியை மட்டும் மாற்றலாமே?

120 மி.மீ. அகலம், 25 மி.மீ. தடிமன், 12 வோல்ட், இரண்டு வயர். சென்னை ரிச்சி தெருவில் கூடை கூடையாகக் கிடைக்கிறது. பால் பேரிங்காக, அதாவது தண்டைச் சுற்றி எஃகுக் குண்டுகள் உருளும் வகையாகப் பார்த்து வாங்கினால் சூட்டை ஸ்லீவைவிட நன்றாகத் தாங்கும். ஒன்று மட்டும் கவனியுங்கள். பெட்டி குளிர்ந்திருக்கும்போது பல எஸ்எம்பிஎஸ்கள் விசிறிக்கு 4, 5 வோல்ட்தான் கொடுக்கும். சூடு ஏறஏறத்தான் 12 நோக்கிப் போகும். சில புது விசிறிகள் 7 வோல்ட் இல்லாமல் அசையவே அசையாது. நான் முதலில் வாங்கியது அந்த ரகம். சத்தமே இல்லையே என்று பூரித்துப் போனேன். சுற்றினால்தானே சத்தம் வரும்! இன்னொன்று, சட்டத்தில் காற்று போகும் திசைக்கு ஓர் அம்புக்குறி இருக்கும். அது பெட்டியின் உள்ளே பார்க்க வேண்டும்.

ஈயப்பற்று | டிசம்பர் 27, காலை 10.45

இதில் எனக்குச் சண்டை இல்லை. பால் பேரிங் விசிறி கரகரத்தால் நானும் எண்ணெய்ப் புட்டியைத் தொட மாட்டேன். குண்டு தேய்ந்தால் தேய்ந்ததுதான். ஆனால் முதல் வைத்தியமே அறுவை சிகிச்சையாக இருக்க வேண்டுமா?

சுவர்க்கோழி | டிசம்பர் 27, பகல் 12.30

விசிறிதானா என்று உறுதியா? என்னுடையதில் மெல்லிய கீச்சுச் சத்தம் வந்தது. மவுஸை உருட்டித் திரையில் பக்கத்தை நகர்த்தினால் கீச்சும் கூடவே நகரும். அது உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் அதிர்வதால் வருவது. எண்ணெயும் கேட்காது, விசிறியும் கேட்காது.

மைக்கூடு | டிசம்பர் 27, பகல் 1.05

கீச்சு இல்லை நண்பரே, முழுக்க முழுக்கத் துருவல். இன்று காலை வேறொன்றும் செய்து பார்த்தேன். சத்தம் வந்தபோது டவரை மெதுவாகப் பக்கவாட்டில் படுக்க வைத்தேன். சட்டென்று பாதியாகக் குறைந்தது. நிமிர்த்தியதும் பழையபடி.

ஈயப்பற்று | டிசம்பர் 27, பகல் 1.20

பேரிங்கேதான். அந்தப் பெரிய விசிறி பெட்டிக்குள் மல்லாந்து கிடக்கிறது, தண்டு செங்குத்தாக நிற்கிறது. ஸ்லீவ் பேரிங்குக்கு அந்த நிலை ஆகாது. பழைய 80 மி.மீ. விசிறிகள் பின்சுவரில் நேராக நின்றன, தண்டு படுத்திருந்தது. இரைச்சல் கூடுதல் என்றாலும் பேரிங்குக்கு அதுதான் சுகம். நீங்கள் டவரைச் சாய்த்ததும் தண்டு படுத்துவிட்டது.

ஓம்விதி | டிசம்பர் 27, மாலை 6.40

பேரிங் என்பதை நான் மறுக்கவே இல்லை. பேரிங் கெட்டுக்கொண்டே வந்த காலத்தில் பெட்டிக்குள் வேறு என்னென்ன கெட்டது என்பதுதான் என் கேள்வி.

கணக்குப் போடுவோம். டிடிபி கணினி சுமாராக 100 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த விலை எஸ்எம்பிஎஸ் 75 சதவீதத் திறன் காட்டினால், சுவரிலிருந்து 133 வாட் வாங்கி 33 வாட்டைப் பெட்டிக்குள்ளேயே சூடாக விடுகிறது. ஈயப்பற்று ஐயாவுக்குத் தெரிந்த பாஷையில் சொன்னால், ஒரு சால்டரிங் அயர்னைச் சொருகி, தகர டப்பாவுக்குள் வைத்து மூடியதற்குச் சமம். அதை வெளியேற்ற இருப்பது இந்த விசிறி ஒன்றுதான். அது உரசி உரசி மெதுவாகச் சுற்றினால் உள்ளே இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் வேகின்றன. 10 டிகிரி சூடு கூடினால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு.

இந்தக் கரகரப்பு உங்களுக்குத் தொல்லை, எனக்கு அது எச்சரிக்கை மணி. எண்ணெய் விட்டு மணியின் நாக்கைக் கட்டிவிடுகிறீர்கள்.

ஈயப்பற்று | டிசம்பர் 27, இரவு 7.15

மணியின் நாக்கைக் கட்டவில்லை தம்பி, விசிறியைச் சுற்ற வைக்கிறேன். சுற்றினால் சூடு குறையும். உங்கள் கணக்கே என் பக்கம்தான் பேசுகிறது.

ஓம்விதி | டிசம்பர் 27, இரவு 7.30

இனிமேல் குறையும். ஏற்கெனவே வெந்தது? மைக்கூடு, எப்படியும் ஐயா பேச்சைத்தான் கேட்கப் போகிறீர்கள் என்று தெரிகிறது. திறக்கிறவர் யாராக இருந்தாலும், மூடுவதற்கு முன் கெபாசிட்டர்களின் தலையைப் பார்க்கச் சொல்லுங்கள். உப்பியிருந்தால் கெட்டது என்று பொருள். தட்டையாக இருந்தால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

மைக்கூடு | டிசம்பர் 29, இரவு 9.20

இரண்டு நாள் கடை நெருக்கடி, மன்னிக்கவும்.

நேற்று இரவு வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கி, எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றி வைத்துவிட்டேன். இன்று மதியம் ரீவைண்டிங் கடைக்கு எடுத்துப் போனேன். ஓம்விதி சொன்னதைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே மல்டிமீட்டரை வைத்தார். 2 வோல்ட் காட்டியது. அப்புறம்தான் கையை விட்டார்.

மூடியைத் திறந்ததும் எனக்கே வெட்கமாகிவிட்டது. காகிதத் துகள் உள்ளே கம்பளிபோலப் படிந்திருந்தது. ஏழு வருடப் பத்திரிகைகளை வெட்டிய தூள். நடுவில் காய்ந்த பல்லி வால் ஒன்று, பல்லியைக் காணோம். விசிறி இறக்கைகளை விரலால் பிடித்துக்கொண்டு புளோயர் அடித்தார். காற்றில் தறிகெட்டுச் சுற்ற விட்டால் இருக்கிற பேரிங்கும் போய்விடும் என்றார். ஸ்டிக்கரை உரித்ததும் கண்மைபோலக் கறுப்பாக ஒரு பிசுபிசுப்பு. பஞ்சுக் குச்சியால் அதைத் துடைத்தெடுத்து இரண்டு சொட்டு விட்டார். மாட்டிப் பார்த்தோம், சத்தம் போய்விட்டது. நாளை காலைக் குளிரில் ஓட்டிப் பார்த்தால்தான் நிச்சயம் தெரியும். ஆனால் தண்டை மேலும் கீழும் அசைத்தால் கொஞ்சம் ஆட்டம் இருக்கிறது. ஒரு மழைக்காலம் தாண்டினால் பெரிது என்று அவரே சொன்னார்.

ஓம்விதி, தலைகளையும் பார்த்தேன். பெரியது தட்டை. வெளியே போகும் வயர்களுக்குப் பக்கத்தில் நிற்கும் சிறியவற்றில் ஒன்று பூரிபோல லேசாக உப்பியிருக்கிறது.

ஓம்விதி | டிசம்பர் 29, இரவு 9.35

வாயை மூட வேண்டியதில்லை போலிருக்கிறது.

ஈயப்பற்று | டிசம்பர் 29, இரவு 9.50

அந்த ஒன்றை மாற்றினால் போயிற்று. அதே மைக்ரோஃபாரட் (கொள்ளளவு), வோல்ட் அதே அல்லது ஒரு படி மேலே, 105 டிகிரி என்று எழுதியது. ஒரு டீயின் விலை கூட ஆகாது. இதற்காக ஒரு எஸ்எம்பிஎஸ்ஸையே குப்பையில் போடுவீர்களா?

ஓம்விதி | டிசம்பர் 29, இரவு 10.05

ஒன்று உப்பினால் அதோடு சேர்ந்து அதே சூட்டில் நின்ற மற்றவையும் வரிசையில் நிற்கின்றன. அதிலிருந்து போகும் 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும்தான் அவருடைய ஹார்டு டிஸ்க்கை ஓட்டுகின்றன. அதில் இப்போது எத்தனை கல்யாணம் இருக்கிறது என்று அவரையே கேளுங்கள்.

மைக்கூடு | டிசம்பர் 29, இரவு 10.20

பதினேழு கல்யாணம், மூன்று காதுகுத்து. இதைக் கேட்டதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. நாளை புது எஸ்எம்பிஎஸ் வாங்கிவிடுகிறேன். ரீவைண்டிங் கடைக்காரருக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தது கொடுத்ததுதான், வருத்தமில்லை. பழையதை என்ன செய்வது?

ஈயப்பற்று | டிசம்பர் 29, இரவு 10.30

பழைய இரும்புக்காரனிடம் கொடுத்துவிடாதீர்கள். கோவை பஸ்ஸில் பார்சல் போட்டு எனக்கு அனுப்புங்கள். நாலு கெபாசிட்டரும் ஒரு பால் பேரிங் விசிறியும் போட்டு, பொங்கலுக்குள் ஓட்டிக் காட்டுகிறேன். ஓம்விதி தம்பி விருப்பப்பட்டால் வந்து காதை வைத்துக் கேட்கலாம்.

ஓம்விதி | டிசம்பர் 29, இரவு 10.40

வருகிறேன் ஐயா. மல்டிமீட்டரையும் எடுத்துக்கொண்டு வருகிறேன்.