மகளின் பாஃபோக் விண்ணப்பம்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. நாங்கள் ஜேர்மனியில், டோர்ட்முண்டில் இருக்கிறோம். மகள் அபிட்டூர் (இங்கத்தைய பள்ளி இறுதிப் பரீட்சை) முடித்து, 2025 ஒக்டோபரில் மூன்ஸ்டரில் படிப்புத் தொடங்குகிறாள். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போகும் முதல் ஆள் அவள்தான்.

அரசின் மாணவர் உதவியான பாஃபோக் பற்றி வாசித்து விளங்கியது இவ்வளவு: பாதி மானியம், பாதி வட்டியில்லாக் கடன். எவ்வளவு வாங்கினாலும் திருப்பிக் கட்டுவது 10,010 யூரோவைத் தாண்டாது. வெளியே அறை எடுத்தால் மாதம் 992 யூரோ வரை. ஆனால் அவள் எங்கள் குடும்ப மருத்துவக் காப்புறுதியில் இருப்பதால் 855 தான். விண்ணப்பித்த மாதத்துக்கு முந்தைய காசு வராது என்பதால் ஒக்டோபருக்குள் கொடுத்தே ஆகவேண்டும்.

சிக்கல் பெற்றோர் வருமானத்தில்தான். இரண்டு வருடத்துக்கு முந்தைய கணக்கைப் பார்ப்பார்களாம், அதாவது 2023. அப்போது கணவர் முழுநேரம், இரவு வேலையும் செய்தவர். முதுகில் சத்திரசிகிச்சை செய்தபிறகு இப்போது அரைநாள்தான் போகிறார். பழைய கணக்கை வைத்தால் பிள்ளைக்கு மிகக் குறைவாகத்தான் வரும். இப்போதைய வருமானத்தைக் காட்ட ‘அக்டுவலிசீருங்ஸ்அன்ட்ராக்’ என்று தனி விண்ணப்பம் இருக்கிறது. அதில் உதவி வழங்கும் காலத்தில் வரப்போகும் வருமானத்தை மதிப்பிட்டு எழுதவேண்டும். பிறகு உண்மைக் கணக்கு வந்ததும் திரும்பக் கணித்து, கூடக் கொடுத்திருந்தால் கேட்பார்கள். அந்தப் பயத்தில்தான் கை ஓடவில்லை.

இதை நிரப்பியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? மதிப்பீட்டுக்கு என்ன ஆதாரம் கொடுத்தீர்கள்? நோய்க்காலக் கொடுப்பனவையும் வருமானமாக எழுதினீர்களா? பிறகு காசு திருப்பிக் கேட்டார்களா? அண்ணாமார், அக்காமார், தெரிந்ததைச் சொல்லுங்கள். அறை வாடகைக்கு இந்த வாரமே பதில் சொல்லவேண்டும்.