உப்பு மாவு நட்சத்திரம் தொங்கவிட்ட பிறகு வியர்க்குது, சாயம் ஒழுகுது. என்ன செய்யலாம்?

முத்துநகர் அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். தூத்துக்குடியில இருக்கோம். மகளுக்கு ஏழு வயசு, சின்னவனுக்கு நாலு. கிறிஸ்துமஸ் மரத்துக்கு இந்த வருஷம் பிள்ளைங்க கையாலயே ஏதாவது செய்யட்டும்னு உப்பு மாவு பிசைஞ்சேன். மைதா ரெண்டு கப், உப்பு ஒரு கப், தண்ணி முக்கால் கப். சப்பாத்திக்கட்டையில தேய்ச்சு, பிஸ்கட் அச்சுல நட்சத்திரம், மணி, மீன் எல்லாம் வெட்டி, ஸ்ட்ராவால ஓட்டை போட்டோம். வெயில் எங்க இருக்கு இப்ப? ஃபேனுக்குக் கீழதான் காய வச்சோம். மேல தட்டிப் பார்த்தா கல்லு மாதிரி இருந்துச்சு. அப்புறம் போஸ்டர் கலர் அடிச்சு, நூல் கட்டி, மரத்துல மாட்டியாச்சு.

மழை வலுத்ததும் எல்லாத்து மேலயும் முத்து முத்தா ஈரம். காலையில எழுந்து பார்த்தா டைல்ஸ்ல சிவப்புச் சொட்டு. ஓட்டை பக்கத்துல மாவு மெத்துனு ஆகி, நூல் அதை அறுத்துக்கிட்டு வந்துடுச்சு. மணியும் மீனும் கீழ விழுந்து கிடக்கு. சின்னவன் ஸ்டாருக்குச் சளி பிடிச்சிருக்குங்கிறான்.

இதைக் காப்பாத்த வழி இருக்கா? உப்பைக் குறைச்சுப் போட்டா சரியாகுமா? வீட்டுல ஓவன் கிடையாது. வாணலி, குக்கர், தோசைக்கல்தான்.

அடையாறு ஆத்தோரம்:
பதில் சொல்றதுக்கு முன்னாடி மூணு கேள்வி. என்ன உப்பு போட்டீங்க, பொடியா கல்லுப்பா? எவ்வளவு தடிமன்? பின்பக்கமும் பெயின்ட் அடிச்சீங்களா?

முத்துநகர் அம்மா:
கல்லுப்பை மிக்ஸியில திரிச்சுப் போட்டேன். எங்க ஊர்ல உப்புக்கா பஞ்சம்! தடிமன் சின்னவனோட சுண்டுவிரல் அளவு இருக்கும். பின்பக்கம் எதுவும் அடிக்கலை.

அடையாறு ஆத்தோரம்:
அப்போ காரணம் ஒண்ணு இல்லை, மூணு.

முதல்ல உப்பு. காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா சுத்தமான உப்பே காத்துல இருக்குற தண்ணியை இழுத்துக் கரைய ஆரம்பிச்சிடும். வடகிழக்குப் பருவமழை நேரத்துல நம்ம கடலோரத்துல அந்த அளவு சாதாரணம். கல்லுப்புல கொஞ்சம் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கும். அது இன்னும் ரொம்பக் குறைஞ்ச ஈரத்துலயே தண்ணியை இழுக்கும். மழைநாள்ல கல்லுப்பு ஜாடிக்கு அடியில தண்ணி தேங்குமே, அதேதான் உங்க நட்சத்திரத்துலயும் நடக்குது. பாக்கெட்டுல வர்ற பொடி உப்பு எவ்வளவோ தேவலை.

ரெண்டாவது, உள்ள காயலை. ஃபேன் காத்துல மேல்பக்கம் ஓடு மாதிரி இறுகிடும். நடுவுல இருக்குற ஈரத்துக்கு வெளிய வர வழியில்லை.

மூணாவது பெயின்ட். போஸ்டர் கலர் காய்ஞ்ச பிறகும் தண்ணி பட்டா கரையும். அக்ரிலிக்னா காய்ஞ்சதும் கரையாது. டைல்ஸ்ல சொட்டினது அதனாலதான்.

உப்பைக் குறைக்காதீங்க. அது இல்லைன்னா வெறும் மைதா. இந்த ஈரத்துல பூஞ்சை பிடிக்கும், பூச்சியும் வரும்.

டொராண்டோ தம்பி:
அக்கா, நான் இங்க அதே அளவுல செஞ்ச பிள்ளையோட கை அச்சு போன வருஷத்துலேருந்து பெட்டிக்குள்ள கல்லா கிடக்கு. ஆனா இங்க டிசம்பர்ல ஹீட்டர் ஓடி ஓடி வீட்டுக்குள்ள காத்து வறண்டு போய் உதடே வெடிக்குது. வீடியோவுல பார்த்துச் செய்யுறீங்கன்னா அது பெரும்பாலும் இந்த மாதிரிக் குளிர் நாட்டுக்காரங்க செஞ்சதா இருக்கும். அப்படியே உங்க ஊருக்கு ஒத்துவராது.

கேக்_மேக்கர்_திருச்சி:
மைக்ரோவேவ்ல மூணு நிமிஷம் வைங்க சிஸ்டர், வேலை முடிஞ்சுது.

அடையாறு ஆத்தோரம்:
அவங்க வீட்டுல ஓவனே இல்லைங்க. இருந்தாலும் வேண்டாம். உள்ள இருக்குற தண்ணி சட்டுனு ஆவியாகி, பூரி மாதிரி உப்பி வெடிக்கும். உப்பு மாவுக்கு மெதுவான சூடுதான் சரி. ஓடிஜி (சின்ன கரண்ட் ஓவன்) இருக்குறவங்க 100 டிகிரியில, அரை சென்டிமீட்டர் தடிமனுக்கு ரெண்டு மூணு மணி நேரம் வைக்கலாம். நடுவுல திருப்பிப் போடணும்.

நாசரேத் பெரியம்மா:
வாணலியிலயே செய்யலாம்மா. நாங்க சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்கு அப்படித்தான் செய்து கொடுக்கிறோம். கேக் வைக்கிற மாதிரி கனமான வாணலியில மணல் பரப்பி, அதுமேல ஸ்டாண்டு, அதுமேல தட்டு. அடுப்பு எவ்வளவு சின்னதா எரியுமோ அவ்வளவு சின்னதா வைங்க. மூடியை முழுசா மூடக்கூடாது, ஒரு கரண்டியை வாணலி வாயில குறுக்க வச்சு மூடுங்க. ஆவி வெளிய போகணும், அதுதான் முக்கியம். அரை மணிக்கு ஒருதரம் திருப்பிப் போடுங்க. எங்காவது கொப்புளம் கிளம்பினா தீ அதிகம்னு அர்த்தம், அணைச்சிட்டு மூடியைத் திறந்து விடுங்க. கேஸ் செலவாகும், மறைக்கலை. நான் மத்தியானச் சமையல் முடிஞ்ச சூட்டிலேயே பாதி வேலையைப் பார்த்துக்குவேன்.

காய்ஞ்சிடுச்சான்னு கையால தொட்டுப் பார்த்து ஏமாறாதீங்க. பின்பக்கத்தைப் பாருங்க. நடுவுல மட்டும் கருத்த திட்டு இருந்தா உள்ள ஈரம். சமையல் தராசு இருந்தா எடை போடுங்க. அரை மணி கழிச்சுப் போட்டாலும் எடை குறையலைன்னா காய்ஞ்சது.

முத்துநகர் அம்மா:
நன்றி பெரியம்மா. தராசு இருக்கு. இப்ப மரத்துல மிச்சம் இருக்குறதை என்ன செய்ய? அதுல ஒண்ணுல சின்னவனோட கட்டைவிரல் ரேகை அப்படியே பதிஞ்சிருக்கு, தூக்கிப் போட மனசு வரலை.

நாசரேத் பெரியம்மா:
அதை மட்டும் எடுத்து, பிழிஞ்ச துணியால பெயின்ட்டைத் துடைச்சிட்டு, வாணலியில காய வைங்க. ஆறினதும் அக்ரிலிக் அடிச்சு, அதுவும் காய்ஞ்சதும் தெளிவான வார்னிஷ் ரெண்டு கோட்டிங். முன்பக்கம், பின்பக்கம், ஓரம், ஓட்டைக்குள்ள, ஒரு இடம் விடக்கூடாது. விட்ட இடத்துலதான் ஈரம் ஏறும். வார்னிஷ் வாடை பிள்ளைகளுக்கு ஆகாது, அவங்க பள்ளிக்கூடம் போனதும் ஜன்னலைத் திறந்து வச்சு நீங்க அடிங்க. கல்லுப்பு போட்டதால உறுதி சொல்லமாட்டேன். சீசன் முடிஞ்சதும் காத்துப் புகாத டப்பாவுல, அரிசியோட போட்டு வைங்க.

மற்றதை விட்டுருங்க.

மடிப்பாக்கம் மாமி:
வெள்ளைப் பசையைத் தண்ணியில கரைச்சு வார்னிஷுக்குப் பதிலா அடிக்கலாமே? வாசனை இல்லை, குழந்தைகளே அடிக்கலாம்.

அடையாறு ஆத்தோரம்:
வறண்ட ஊர்ல சரி மாமி. சாதாரணக் கைவேலைப் பசை ஈரத்துல இளகும். ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்.

என்னைக் கேட்டா அடுத்த தடவை உப்பே வேண்டாம். சோடா மாவு பண்ணுங்க. சமையல் சோடா ரெண்டு கப், சோளமாவு (வெள்ளை கார்ன்ஃப்ளார்) ஒரு கப், தண்ணி ஒன்னேகால் கப். கட்டியில்லாமக் கரைச்சு, சின்ன தீயில கிண்டிக்கிட்டே இருங்க. முதல்ல பால் மாதிரி இருக்கும், அப்புறம் திடீர்னு இறுகும், அசந்தா அடிப்பிடிக்கும். பாத்திரத்துல ஒட்டாம உருண்டு வரும்போது இறக்கி, ஈரத்துணி போட்டு ஆற விடுங்க. கை பொறுக்கிற சூட்டுல பிசைஞ்சா வழவழன்னு வெள்ளை வெளேர்னு வரும், பெயின்ட்கூடத் தேவைப்படாது. அரை சென்டிமீட்டருக்குத் தேய்ச்சு வெட்டி, கம்பி வலைத்தட்டுல வச்சு ஃபேன் போட்டா போதும். ரெண்டு பக்கமும் காத்து படணும். மழைநாள்ல ரெண்டு நாள் ஆகலாம். இது உப்பு மாதிரி காத்துலேருந்து தண்ணியை இழுக்காது. ஆனா கீழ விழுந்தா உடையும், ஊசிமுனை மாதிரி மெல்லிசா எதுவும் வெட்டாதீங்க.

ரெண்டு மாவும் நாலு வயசுப் பிள்ளை வாயில போடாமப் பார்த்துக்குங்க. நக்கினா துப்பிடுவான். உருண்டையா விழுங்கினா உள்ள போற உப்போ சோடாவோ ரொம்ப அதிகம். நாய் வளர்க்கிறவங்க இன்னும் கவனம். இந்த உப்பு மாவைத் தின்னா அதோட உயிருக்கே ஆபத்து.

பனங்காடு:
நாலு வயசுக்கு இவ்வளவு வேலை எதுக்குங்க? வீட்டுல பழைய கல்யாணப் பத்திரிகை கட்டுக்கட்டாக் கிடக்குமே. அந்தத் தங்கக்கலர் கெட்டி அட்டை எந்தக் கடையில கிடைக்கும்? டம்ளர் வச்சு வட்டம் வரைஞ்சு கொடுத்தா பெரியவ வெட்டுவா. நாலு வட்டத்தைப் பாதியா மடிச்சு, முதுகோட முதுகு ஒட்டினா உருண்டைப் பந்து. பேர் அச்சடிச்ச பக்கத்தை உள்ள தள்ளி ஒட்டுங்க, இல்லைன்னா மரத்துல மாப்பிள்ளை பெயர் தொங்கும். சின்னவனுக்குப் பஞ்சிங் மெஷினைக் கொடுத்திருங்க, ஓட்டை போடுறதுலயே ஒரு சாயங்காலம் போயிடும்.

உங்க பக்கம் பனைக்குக் குறைவில்லை. ஓலைக் காத்தாடி செஞ்சு தொங்கவிடுங்க, காத்துல சுத்தும். குருத்தோலை ஞாயிறுக்குச் சிலுவை மடிக்கத் தெரிஞ்ச தாத்தா பாட்டி இருந்தா ஓலை நட்சத்திரமும் மடிச்சுத் தருவாங்க.

கேக்_மேக்கர்_திருச்சி:
ஓலைக்குள்ள குட்டி பேட்டரி லைட் வச்சா சூப்பரா இருக்கும்.

நாசரேத் பெரியம்மா:
பட்டன் பேட்டரின்னா நாலு வயசு இருக்குற வீட்டுல வேண்டாம் தம்பி. பிள்ளை அதை விழுங்கினா ரெண்டு மணி நேரத்துலேயே உணவுக்குழாயை அரிச்சிடும். ஸ்க்ரூ போட்டு மூடுற டப்பா இருந்தா மட்டும் வைக்கலாம்.

முத்துநகர் அம்மா:
சோடா மாவு செஞ்சாச்சு! அடிப்பிடிச்சது கொஞ்சம், ஆனா நல்லா வந்திருக்கு. மழை விடாமப் பெய்யுது, தொட்டா சுண்ணாம்புச் சுவர் மாதிரி வறண்டு இருக்கு. ரேகை பதிஞ்ச பழைய நட்சத்திரத்துக்கு ரெண்டாவது கோட்டிங் போயிட்டிருக்கு. பத்திரிகைப் பந்துல ஒண்ணு எங்க சித்தி கல்யாணத்தோடது, அவங்களுக்கு ஃபோட்டோ அனுப்பியாச்சு.

கடைசியா ஒரு சந்தேகம். எங்க மரம் சவுக்குக் கிளைதான், வாளியில மணல் போட்டு நட்டிருக்கோம். சோடா மாவு நட்சத்திரத்தை மாட்டினா கிளை அப்படியே தலை குனியுது. என்ன பண்ண?

பனங்காடு:
சவுக்குல நுனியில கனம் தாங்காது. கனமானதெல்லாம் தண்டை ஒட்டின கெட்டிக் கொப்புல கட்டுங்க, நுனிக்குப் பத்திரிகைப் பந்தும் காத்தாடியும் போதும். மணலைத் தினமும் நனைங்க, கொஞ்ச நாள் கூட பச்சை நிக்கும். நனைக்கும்போது சீரியல் செட் ஸ்விட்ச்சை அணைச்சிட்டு ஊத்துங்க.