குடும்பக் குழு: வரலாற்றுக்கு எந்தப் பாடத்திட்டம்?

தங்கை: எல்லோருக்கும் ஒரு கேள்வி. வரும் ஆண்டிலிருந்து பிள்ளைகள் இருவருக்கும் வீட்டிலேயே வரலாறு சொல்லித்தரப் போகிறேன். சின்னவளுக்கு 6, பெரியவனுக்கு 9. கணக்கு, மொழி எல்லாம் முடிவாகிவிட்டது, இது மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது. மூன்று பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று கதை மாதிரி, பழங்காலத்தில் தொடங்கி நான்கு ஆண்டுகளில் இன்றுவரை வந்து சேரும். இன்னொன்று நான், என் குடும்பம், என் தெரு, என் நாடு என்று விரிந்துகொண்டே போவது. மூன்றாவது முழுக்கப் பயிற்சித்தாள், கோடிட்ட இடம் நிரப்புக வகை. எதை எடுக்கலாம்?

சித்தி: ஆறு வயதுக் குழந்தைக்கு வரலாறு எதற்கடி? முதலில் எழுதப் படிக்க வரட்டும்.

நான்: சித்தி, கதை சொல்லு கதை சொல்லு என்று உயிரை எடுக்கிற வயது அதுதானே. நடந்த கதையைச் சொன்னால் அதுதான் வரலாறு. தங்கச்சி, அந்தப் பயிற்சித்தாளை முதலில் ஓரம் வை. ஒரு பத்தியில் நாலு பெயர், நாலு ஆண்டு, கீழே கோடு. நிரப்பி முடித்ததும் குழந்தையிடம் அது யார் என்று கேட்டால் திருதிருவென்று முழிக்கும்.

அண்ணி: பயிற்சித்தாள் வேண்டாம், நானும் அதே கட்சி.

மாமா: இரண்டாவது வகை பள்ளிகளில் ரொம்ப நாளாக இருப்பது அம்மா. தெரிந்ததில் தொடங்கித் தெரியாததற்குப் போக வேண்டும் என்பது அதன் நியாயம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தபால்காரர், காவலர், தீயணைப்பு வீரர் என்றே இரண்டு ஆண்டு ஓடிவிடும். தபால்காரரைக் குழந்தைக்கு ஏற்கெனவே தெரியும். மன்னரை ஏன் துணியில் சுற்றிக் கல்லறைக்குள் வைத்தார்கள் என்பதைக் கேட்கத்தான் அதற்கு ஆசை. வகுப்பில் எத்தனையோ ஆண்டு பார்த்தவன் சொல்கிறேன், தூரத்தில் இருப்பதுதான் சின்னப் பிள்ளைகளை இழுக்கும்.

தங்கை: அப்போ முதல் வகையா? இருவருக்கும் மூன்று வயது இடைவெளி, ஒரே புத்தகம் ஒத்துவருமா மாமா?

நான்: அதற்கு நான் சொல்கிறேன். கணக்கில் இருவரையும் ஒன்றாக உட்கார வைக்க முடியாது, வரலாற்றில் முடியும். ஒரே அத்தியாயத்தை இருவருக்கும் வாசி. முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, என்ன கேட்டாயோ அதை உன் வாயால் சொல் என்று விடு. சின்னவள் ஒரு யானையைப் பற்றி மட்டும் சொல்வாள், பெரியவன் போர் ஏன் வந்தது என்று சொல்வான். இருவரும் படித்தார்கள் என்றுதான் அர்த்தம். பெரியவனை மட்டும் இரண்டு வரி எழுதச் சொல். நான்கு ஆண்டு கழித்து மறுபடி பழங்காலத்துக்கு வரும்போது சின்னவளுக்கு 10 ஆகியிருக்கும், அதே கதை வேறு ஆழத்தில் ஏறும்.

அண்ணி: இதில் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு. அந்த "உன் வாயால் சொல்" முறையைப் பரப்பிய சார்லட் மேசன், 1923இல் இறந்த ஆங்கிலேயக் கல்வியாளர், சின்னக் குழந்தைகளுக்கு உலக வரலாற்றைச் சுருக்கிக் கொடுப்பதையே எதிர்த்தவர். ஒரு மனிதரோடு, ஒரு காலத்தோடு நிறைய நாள் தங்கட்டும் என்றார். எனக்கும் அதுதான் சரியாகப்படுகிறது. நான்கு ஆண்டுத் திட்டத்தில் இந்த வாரம் சுமேரியா, அடுத்த வாரம் எகிப்து, அதற்கடுத்த வாரம் சீனா என்று ஓடவிட்டுவிடுவார்கள். பிள்ளை எகிப்தில் உட்கார்ந்துவிட்டால் உட்காரட்டுமே.

நான்: ஒத்துக்கொள்கிறேன் அண்ணி. வரிசை புத்தகத்தின்படி இருக்கட்டும், வேகம் பிள்ளையின்படி இருக்கட்டும். எல்லா அத்தியாயத்தையும் முடித்தே ஆக வேண்டும் என்று சட்டமா என்ன? ஆனால் வரிசையை மட்டும் விடாதே. காந்தி, அசோகர், நிலவுக்குப் போனது, டைனோசர் என்று கலந்து கொடுத்தால் எது முன், எது பின் என்றே பிள்ளைக்குத் தெரியாது.

மாமா: அதற்குக் காலக்கோடு ஒட்டுங்கள். பத்து ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர். ஐயாயிரம் ஆண்டுக்கு ஐந்து மீட்டர், ஒரு நடைக்கூடச் சுவர் போதும். இந்தப் பையனின் ஒன்பது வயதும் அதில் ஒன்பது மில்லிமீட்டர். கீசாவின் பெரிய பிரமிடு ஏறத்தாழ கிமு 2560, எகிப்து அரசி கிளியோபாட்ரா இறந்தது கிமு 30, மனிதன் நிலவில் இறங்கியது 1969. அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பிரமிடிலிருந்து கிளியோபாட்ராவுக்கு இரண்டரை மீட்டர், கிளியோபாட்ராவிலிருந்து நிலவுக்கு இரண்டே மீட்டர். பழங்காலம் என்பது ஒரே மூட்டை இல்லை என்று அவனே சொல்வான்.

தங்கை: இது ரொம்பப் பிடித்திருக்கிறது மாமா. ஆனால் கதை வகையிலேயே நிறையப் பதிப்பகம் இருக்கிறதே, நல்லது எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? மதிப்புரை எல்லாம் "என் பிள்ளைக்குப் பிடித்தது" என்பதோடு நின்றுவிடுகிறது.

மாமா: மூன்று பக்கம் திறந்து பார். ஒன்று மொகஞ்சதாரோ. ஆரியர் படையெடுத்து வந்து அழித்தார்கள் என்று இருந்தால் கீழே வை. மார்ட்டிமர் வீலர் என்ற தொல்லியலாளர் 1940களில் சொன்ன கருத்து அது, ஆய்வாளர்கள் அதைக் கைவிட்டு எத்தனையோ காலம் ஆகிறது. இரண்டு பிரமிடு. சாட்டையடி வாங்கிய அடிமைகள் கட்டினார்கள் என்று இருக்கிறதா பார். அவர்கள் அடிமைகள் இல்லை, வேலைக்கு வந்த தொழிலாளர்கள் என்றுதான் இப்போது ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கட்டியவர்களின் கல்லறைகள் 1990 முதல் பக்கத்திலேயே கிடைத்தன, அவர்கள் தங்கிய குடியிருப்பும் ரொட்டி சுட்ட இடமும்கூடத் தோண்டி எடுத்தாகிவிட்டது. மூன்றாவது 1492. கொலம்பஸ் அமெரிக்காவைக் கண்டுபிடித்தார் என்று ஒரே வரியில் முடிந்துவிட்டால், அங்கே ஏற்கெனவே வாழ்ந்தவர்களைப் பற்றி அந்த ஆசிரியர் யோசிக்கவே இல்லை.

அண்ணி: முதல் பக்கத்தையும் பார். வீட்டுக்கல்விக்கென்று எழுதப்பட்டவற்றில் சில கிறித்துவப் பதிப்பகங்களுடையவை, காலக்கோடே உலகப் படைப்பில் தொடங்கும். கிமு 4004 என்று போட்டிருந்தால் அது ஜேம்ஸ் அஷர் என்ற பேராயர் 17ஆம் நூற்றாண்டில் பைபிளை வைத்துப் போட்ட கணக்கு. அந்த நம்பிக்கை உள்ள வீட்டுக்கு அது பொருந்தும், ஆனால் வாங்கின பிறகு தெரிந்து என்ன பயன்.

நான்: நான் பார்ப்பது இன்னொன்று. இது நமக்கு எப்படித் தெரியும் என்று புத்தகம் எங்காவது சொல்கிறதா? 1799இல் எகிப்தில் கிடைத்த ரொசெட்டா கல்லின் கதையை என் மகளுக்கு வாசித்தேன். ஒரே செய்தி மூன்று எழுத்தில், கிரேக்கம் தெரிந்ததால் 1822இல் ஷாம்போலியன் என்ற பிரெஞ்சு அறிஞர் எகிப்திய எழுத்தைப் படித்துவிட்டார். திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தி, "சிந்துவெளிக்கு அந்த மாதிரி கல் கிடைக்கலையா?" என்றாள். கிடைக்கவில்லை, இன்னும் யாராலும் உறுதியாகப் படிக்க முடியவில்லை என்றேன். பெரியவர்களுக்கும் தெரியாதது உண்டு என்பதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம், அன்றைக்கே தானாக ஒரு எழுத்து உருவாக்கி உட்கார்ந்துவிட்டாள். இப்படி ஒரு கேள்வி வர இடம் விடாத பாடத்திட்டம் எவ்வளவு அழகாக அச்சிட்டிருந்தாலும் எனக்கு வேண்டாம்.

சித்தி: அதெல்லாம் சரி, போர், கொலை, அடிமை வியாபாரம் எல்லாம் பிஞ்சுக்குச் சொல்லப் போகிறீர்களா? ராத்திரி தூங்குமா?

நான்: நியாயமான கவலை சித்தி. அதனால்தான் அத்தியாயத்தை முதல் நாளே நாம் வாசித்துவிட வேண்டும். மனிதர்களைப் பிடித்துக் கப்பலில் ஏற்றி விற்றார்கள், அது அநியாயம், எதிர்த்து நின்றவர்களும் தப்பியவர்களும் இருந்தார்கள் என்பது ஆறு வயதுக்குப் போதும். படத்தைக் காட்ட வேண்டாம், எண்ணிக்கை சொல்ல வேண்டாம். பெரியவன் மேலும் கேட்டால் தனியாகச் சொல்லலாம். ஆனால் அடிமைகள் மகிழ்ச்சியாக வேலை செய்தார்கள் என்று எழுதும் புத்தகத்தை வீட்டுக்குள் விடாதே.

தங்கை: கடைசியாக ஒன்று. நான் பார்த்த எல்லாமே ஆங்கிலம். கிரேக்கத்துக்கும் ரோமுக்கும் பக்கம் பக்கமாக இருக்கிறது, நம் பக்கம் வந்தால் இரண்டு பக்கம்.

மாமா: புத்தகத்தை நீ வாசித்துக்கொள், பிள்ளைகளுக்குத் தமிழில் சொல். ரோம் வரும்போது நம்மையும் உள்ளே கொண்டு வா. எகிப்தில் செங்கடல் ஓரம் பெரெனிகே என்று ஒரு பழைய துறைமுகம். அங்கே ஒரு கோயிலில் இந்தியச் சாடி ஒன்றைத் தோண்டி எடுத்தார்கள், உள்ளே ஏழு கிலோவுக்கு மேல் மிளகு! தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடும் அதே ஊரில் கிடைத்திருக்கிறது. அப்புறம் கீழடி. பானை ஓட்டில் ஆதன் என்று பெயர் கீறியிருக்கிறது. தன் பென்சில் பெட்டியில் பெயர் எழுதும் பிள்ளைக்கு அதைவிட என்ன விளக்க வேண்டும்?

அண்ணி: ஆமாம், தமிழில் சொல்வதில் இன்னொரு லாபம், ஆங்கிலத்தில் தடுமாறும் சின்னவள் கதையைத் தவறவிட மாட்டாள்.

நான்: முழுத் தொகுப்பையும் ஒரேயடியாக வாங்காதே. மாதிரி அத்தியாயம் பெரும்பாலும் இலவசமாகவே தருகிறார்கள். ஒன்றை இன்று வாசித்துவிட்டு, இரண்டு நாள் கழித்து அந்தக் கதை என்ன என்று கேள். இருவரும் ஏதாவது சொன்னால் முதல் பாகத்தை மட்டும் வாங்கு.

தங்கை: சரி அக்கா, இன்றைக்கே வாசித்துவிடுகிறேன். மாமா, மொகஞ்சதாரோ பக்கத்தைப் படம் எடுத்துப் போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

மாமா: போடு அம்மா. பதிப்பு ஆண்டு அச்சிட்ட பக்கத்தையும் சேர்த்துப் போடு.