‘அனுப்பியிருக்க வேண்டும்’ என்பதற்கு மஸ்ட் ஹேவா, ஷுட் ஹேவா?

கேள்வி

வணக்கம். உதிரிபாகங்கள் விற்கும் கடையொன்றில் கணக்கு எழுதுகிறேன். சரக்கு வந்தும் பில் வராததால், “போன வாரமே நீங்கள் பில்லை அனுப்பியிருக்க வேண்டும்” என்று கண்டிக்கும் எண்ணத்தில், ‘யூ மஸ்ட் ஹேவ் சென்ட் த பில் லாஸ்ட் வீக்’ என்று மின்னஞ்சல் எழுதினேன். “இல்லை, இன்னும் அனுப்பவில்லை, நாளை அனுப்புகிறோம்” என்று அமைதியாகப் பதில் வந்தது. அங்கே ‘ஷுட் ஹேவ்’ வர வேண்டும் என்கிறார் மேலாளர். மஸ்ட் என்றால் கட்டாயம், ஷுட் என்றால் அறிவுரை என்றுதானே பள்ளியில் படித்தோம்? கண்டிப்பதற்கு மஸ்ட் அல்லவா பொருத்தம்?

மறுமொழி 1

மேலாளர் சொன்னதே சரி. நீங்கள் எழுதிய வாக்கியத்தை அவர்கள், “போன வாரமே அனுப்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்” என்ற ஊகமாகப் படித்திருக்கிறார்கள். அதனால்தான் “இல்லை” என்று அந்த ஊகத்தைத் திருத்தினார்கள். மஸ்ட் என்பதற்கு இன்றைய ஆங்கிலத்தில் தனியே இறந்தகால வடிவம் இல்லை. பழைய ஆங்கிலத்தில் அதுவே வேறொரு வினையின் இறந்தகால வடிவமாக இருந்து, காலப்போக்கில் நிகழ்காலப் பொருளுக்கு வந்து சேர்ந்தது. ஆகவே நேற்றைய கட்டாயத்தைச் சொல்ல, அதாவது ‘அனுப்ப வேண்டியிருந்தது’ என்பதற்கு, ‘ஹேட் டு’ வருகிறது. செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்ட குறையைச் சுட்ட ‘ஷுட் ஹேவ்’ வருகிறது.

தடுமாற்றத்தின் வேர் நம் தமிழில் இருக்கிறது. “தரை ஈரமாக இருக்கிறது, இரவு மழை பெய்திருக்க வேண்டும்” என்கிறோம். “ஐப்பசி பிறந்துவிட்டது, இதற்குள் மழை பெய்திருக்க வேண்டும்” என்றும் ஏங்குகிறோம். முன்னது மஸ்ட் ஹேவ், பின்னது ஷுட் ஹேவ். ஒரே தமிழ் வடிவம் இரண்டையும் சுமக்கிறது.

மறுமொழி 2

மேலே சொன்னதோடு, என் மாணவர்களுக்கு நான் சொல்லித்தரும் வழி ஒன்றையும் சேர்க்கிறேன்: ஐயம் வந்தால் வாக்கியத்தை எதிர்மறையாக்கிப் பாருங்கள். உடன்பாட்டில் கலந்து கிடக்கும் பொருள்கள் எதிர்மறையில் தமிழிலேயே பிரிந்துவிடும். ஊகமாக இருந்தால் “அனுப்பியிருக்க முடியாது” என்று வரும். அது ‘கான்ட் ஹேவ்’. குறை கூறுவதாக இருந்தால் “அனுப்பியிருக்கக் கூடாது” என்று வரும். அது ‘ஷுடன்ட் ஹேவ்’. “அனுப்பியிருக்க வேண்டியதில்லை” என்பது, அனுப்பியாயிற்று, ஆனால் தேவை இருக்கவில்லை என்ற பொருளில் ‘நீடன்ட் ஹேவ்’ ஆகும்.

‘லாம்’ விகுதியிலும் இதே சிக்கல் உண்டு. வாசலில் செருப்பு கிடப்பதைப் பார்த்து “மாமா வந்திருக்கலாம்” என்றால், வந்தாரா இல்லையா என்பது இன்னும் தெரியாது. அங்கே ‘மே ஹேவ்’, ‘குட் ஹேவ்’ இரண்டும் பொருந்தும். “ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் வந்திருக்கலாமே” என்னும்போது வரவில்லை என்பது உறுதி. அங்கே ‘குட் ஹேவ்’ மட்டுமே எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. எதிர்மறையாக்கிப் பார்த்தவுடன் விளங்கிவிட்டது. இன்னும் ஓர் ஐயம்: வேலைவாய்ப்பு விளம்பரங்களில், விண்ணப்பதாரர்கள் பட்டப்படிப்பை முடித்திருக்க வேண்டும் என்பதற்கு ‘மஸ்ட் ஹேவ் கம்ப்ளீட்டட்’ என்று வருகிறதே, அது ஊகம் இல்லையே?

மறுமொழி 1

நல்ல கேள்வி; நான் அதையும் சொல்லியிருக்க வேண்டும். அங்கே கட்டாயம் கடந்த காலத்துக்கு உரியதன்று. விண்ணப்பிக்கும் நாளில் படிப்பு முடிந்த நிலையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இன்றும் நடப்பில் இருப்பதால் மஸ்ட் பொருந்துகிறது. உங்கள் மின்னஞ்சலில் ‘போன வாரம்’ என்று முடிந்துபோன காலத்தைக் குறித்துவிட்டதால் அந்தப் பொருளுக்கு இடமில்லை.

இன்னொன்று: ‘யூ ஷுட் ஹேவ்’ என்பது இலக்கணப்படி சரியே என்றாலும், எதிரே இருப்பவரை விரல் நீட்டிக் குற்றம் சொல்வது போலப் படும். தொடர்ந்து கொடுக்கல் வாங்கல் உள்ள இடத்துக்கு, பில்லைப் போன வாரமே எதிர்பார்த்திருந்தோம் என்ற பொருளில் ‘வீ வேர் எக்ஸ்பெக்டிங் த பில் லாஸ்ட் வீக்’ என்று எழுதிப் பாருங்கள்.