மறு: மறு: கண்ணாடி இழை போட்ட காங்கிரீட்டுக்கு ஒரு சொல் (திங்களுக்குள்)

ஈரோடு, பாலிடெக்னிக் ஆசிரியர்:

வணக்கம். கட்டடவியல் பட்டய மாணவர்களுக்கான தமிழ்ப் பாடக்குறிப்பு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே ஒரு தலைப்பில் முட்டி நிற்கிறேன். சிமென்ட்டும் மணலும் குழைத்து, நறுக்கிய கண்ணாடி இழையைக் கூடவே பீய்ச்சி, 10 முதல் 15 மி.மீ. கனத்தில் பலகை வார்க்கிறோமே, அதற்குத்தான் பெயர் வேண்டும். எடையில் நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு இழை. அகராதியைப் பிடித்துக்கொண்டு போனால் 'கண்ணாடி இழையால் வலுவூட்டப்பட்ட கற்காரை' என்று வருகிறது; கற்காரை என்றால் காங்கிரீட். ஒரே பக்கத்தில் ஆறு தடவை. படித்துப் பார்க்கக் கொடுத்த மாணவன் மூன்றாவது தடவையிலேயே, "ஜி.ஆர்.சி.ன்னே போட்டுடுங்க சார்" என்றான் (கிளாஸ் ரீஇன்ஃபோர்ஸ்டு காங்கிரீட் என்ற ஆங்கிலப் பெயரின் சுருக்கம்). அவனுக்காகத்தானே எழுதுகிறேன்?

கரூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

முதலில் அந்தப் 'பட்ட'வை எடுங்கள். வடித்த சோற்றை யாரும் 'வடிக்கப்பட்ட சோறு' என்று பரிமாறுவதில்லை. 'வலுவூட்டிய' போதும். கண்ணாடி என்பதில் கண்ணும் வேண்டாம். கண்ணுக்கு ஆடி கண்ணாடி. சுவருக்கு எதற்குக் கண்? 'ஆடியிழைக் கற்காரை' என்று வையுங்கள். அல்லது 'பளிங்கிழை'. 'அடுத்தது காட்டும் பளிங்குபோல்' என்று வள்ளுவர் கையாண்ட சொல் இருக்கும்போது நாம் ஏன் அலைய வேண்டும்?

பெருந்துறை, கட்டட கான்ட்ராக்டர்:

ஐயா கோவிச்சுக்காதீங்க. ஆடியிழைன்னு எங்க பக்கம் சொன்னா, ஆடித் தள்ளுபடியில வந்த நூலான்னு கேப்பாங்க. பளிங்குன்னா மார்பிள் கடைக்கு வண்டிய அனுப்பிருவாங்க. எங்க ஆளுக வாயில வர்றது 'ஜி.ஆர்.சி. ஜாலி', 'ஃபைபர் ஜாலி', அவ்வளவுதானுங்க. ஜாலின்னா ஓட்டை விட்டு வார்த்த அலங்காரப் பலகைங்க.

இன்னொரு சங்கடமும் இருக்குதுங்க. இப்ப ஃபைபர் கம்பின்னு ஒண்ணு வருது. கண்ணாடி இழையும் பிசினும் சேந்தது. துரு ஏறாது, இரும்புக் கம்பி எடையில நாலுல ஒரு பங்குதான். ஆனா சைட்டுல வளைக்க முடியாது, கம்பெனியிலயே வளைச்சு வரணும். போன மாசம் ஒரு வீட்டுக்காரர் 'கண்ணாடி போட்ட காங்கிரீட்'டுன்னு விலை கேட்டாருங்க. அவரு மனசுல இருந்தது எலிவேஷனுக்கு, அதான் வீட்டு முகப்புக்கு, ஜாலி. நான் கம்பிக்கு விலை போட்டுக் குடுத்துட்டனுங்க. பேரு வெக்கறவங்க இந்த ரெண்டையும் பிரிச்சு வெச்சுக் குடுத்தாப் போதும்.

பொள்ளாச்சி:

இழை, நூல் என்று ஏன் அலைகிறீர்கள்? ஃபைபருக்கு 'நார்' இருக்கிறதே. தென்னை நாரைக் கலந்தாலும் நார்தான், கண்ணாடியைக் கலந்தாலும் நார்தான்.

குமாரபாளையம், விசைத்தறி நடத்துபவர்:

நார் உரிப்பது; இழை இழுப்பது. உருகிய கண்ணாடியை நுண்ணிய துளைகள் வழியே இழுத்தால் வருவது இது. ஒற்றை இழை சுமார் 14 மைக்ரான். நூறு இருநூறு சேர்ந்தால் ஒரு 'பிரி'. கயிறு திரிக்கிறவர்கள் சொல்லும் அதே பிரிதான்; ஏட்டில் 'புரி', முப்புரி நூலில் இருக்கிற புரி. தறி ஓட்டுகிற ஊரில் இதை நார் என்றால் சிரிப்பார்கள்.

தறியில் நெடுக்கே ஓடும் பாவுக்குக் குறுக்கே போகிற நூலை ஊடை என்கிறோம். ஊடு என்பதிலிருந்து வந்தது. இந்த இழையும் காங்கிரீட்டின் ஊடேதான் ஓடுகிறது. 'ஊடிழை' என்றால் என்ன?

கரூர்:

ஊடிழை அழகு. ஆனால் 'ஊடல்' நினைவுக்கு வருகிறதே! பிணங்கிக்கொண்டு நிற்கும் இழையா வலுவூட்டும்?

சேலம், பொறியாளர்:

நான்கு நாளாக எல்லாரும் 'கற்காரை' என்கிறீர்கள். கல் + காரை. ஆசிரியர் சொல்லும் பலகையில் கல் எங்கே இருக்கிறது? ஜல்லியே போடுவதில்லை, சிமென்ட்டும் மணலும்தான். கல்லை எடுத்துவிட்டால் மிச்சம் காரை, அதாவது சாந்து. 'கண்ணாடியிழைக் காரை', சுருக்கமாக 'இழைக்காரை'. ஜல்லி போட்ட சாதாரணக் கலவையில் வெடிப்பைத் தடுக்க இழை தூவினால், அது மட்டும் 'இழைக் கற்காரை'.

கான்ட்ராக்டர் சொல்வதும் சரி. அஜர்பைஜானின் பாகூவில் 2012இல் திறந்த ஹேதர் அலியேவ் மையத்தின் மேலுறைக்கு இரண்டையும் பயன்படுத்தினார்கள்: சிமென்ட்டில் இழை, பிசினில் இழை. ஒரே பெயரில் கொள்முதல் பட்டியல் போட முடியாது.

குறிப்பில் இன்னொரு சொல்லும் தேவைப்படும். சிமென்ட் குழைவின் காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 12.5ஐத் தாண்டும், சாதாரணக் கண்ணாடி இழையை அது அரித்துவிடும். 1960களின் பிற்பகுதியில் பிரிட்டனின் கட்டட ஆய்வு நிலையத்தில் மஜும்தார் குழுவினர் சிர்கோனியா (சிர்கோனியம் ஆக்சைடு) சேர்த்த கண்ணாடியில் இழை எடுத்த பிறகுதான் இந்தத் தொழிலுக்கே வழி பிறந்தது. 1971இல் பில்கிங்டன் கண்ணாடி நிறுவனம் அதைச் 'செம்-ஃபில்' என்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு 'காரம் தாங்கும் இழை' போதும் என்பது என் எண்ணம்.

கரூர்:

காரை, காரம் இரண்டும் ஒரே வேர் என்பது என் நெடுநாள் ஐயம். சுண்ணாம்பின் காரம்தானே காரை! ஆனால் வேலியில் நிற்கும் காரைமுள்ளை எங்கே சேர்ப்பது என்று தெரியாமல் இருபது வருடமாக விட்டு வைத்திருக்கிறேன். எப்படியும் 'சுதை' (சுண்ணச் சாந்து) பழைய சொல். 'வெண்சுதை விளக்கத்து வித்தகர் இயற்றிய' என்கிறது மணிமேகலை. வெண்சுதையில் கண்கவர் ஓவியம் இயற்றியதைச் சொல்லும் இடம். இந்தப் பலகைகளும் கண்கவர் வேலைப்பாடுதானே? 'இழைச்சுதை'.

இலக்கணச் சிக்கலும் உண்டு. 'பொற்குடம்' பொன்னால் ஆன குடம். 'இழைக்காரை' என்றால் முழுக்க இழையால் ஆன காரை என்றாகாதா? நூற்றுக்கு ஐந்தைத் தாண்டாததற்கு முதலிடமா?

பெருந்துறை:

அரிசிம்பருப்புச் சோத்துல பருப்பு எத்தனைங்க இருக்கும்? பேருல பாதி அதுக்குத்தானே குடுத்திருக்கோம்.

ஆனா காரைன்னா எங்க ஊர்ல ஒரே ஒரு எடத்துலதாங்க இப்ப வருது: 'செவுத்துல காரை பேந்து விழுது'ங்கறப்ப. காரைப் பலகைன்னு சொல்லி நான் எப்படிங்க விக்கறது?

ஈரோடு:

ஞாயிறு இரவு மணி பதினொன்று. சேலம் பொறியாளரும் நானும் காரைப் பக்கம், ஒருவர் சுதை, ஒருவர் நார், ஒருவர் ஊடிழை, கான்ட்ராக்டர் எதிலும் சேரவில்லை. தலைப்பு 'கண்ணாடியிழைக் காரை'. முதல் வரியிலேயே 'தொழிலில் ஜி.ஆர்.சி. என்பார்கள்' என்று எழுதிவிட்டேன். பிசின் கம்பிக்கு 'இழைக்கம்பி'. கோப்பை அனுப்பியாயிற்று.

கரூர்:

அடுத்த பதிப்பில் சொற்பட்டியலிலாவது 'இழைச்சுதை'யை ஓர் ஓரமாகப் போடுங்கள். 'கண்ணாடியிழைக் காரை'யில் க் மிகும். அச்சகத்தில் விட்டுவிடப் போகிறார்கள்.

பெருந்துறை:

இழைக்கம்பி நல்லா இருக்குதுங்க. அதை நாளைக்கே கொட்டேஷன்ல போட்டுக்கறேன். இன்னொண்ணு ஜாலியாவே இருக்கட்டுங்க.